ஹோட்டல் வருமானத்தில் சுற்றுலாவின் பங்கு எவ்வளவு?

கிருஷ்ணகிரியில் முதுநிலைப் பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "தேசியக் கணக்கு அறிக்கைகளில் சுற்றுலா என்று தனித் துறை எதுவும் இல்லை, ஆனால் 'ஹோட்டல்களும் உணவகங்களும்' என்று ஒரு வரி இருக்கிறது. என் ஆய்வுக்கு அந்த வரியையே சுற்றுலாத் துறை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாதென்றால், அதில் எவ்வளவு சுற்றுலாவால் வருகிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது?" புள்ளிவிவரப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு இப்போது தருமபுரியில் குடியிருப்பவன் நான். இந்தக் கேள்விக்கு ஒரு சதவீத எண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்தால் அது உங்களைத் தவறான வழியில் அனுப்பிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான விடை: எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரிக்குள் சுற்றுலாவோடு தொடர்பே இல்லாத உள்ளூர்ச் சாப்பாடு பெருமளவு அடங்கியிருக்கிறது. அதே சமயம், பயணி கொடுக்கும் பேருந்துக் கட்டணமும், ஒகேனக்கலில் பரிசலுக்குக் கொடுக்கும் பணமும், ஊர் திரும்பும்போது வாங்கிப் போகும் மாம்பழக் கூடையும் அதற்குள் இல்லை. எனவே சுற்றுலாவை அளக்க அந்த வரி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் காட்டும்.

குழப்பத்தின் வேர் 'ஹோட்டல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் "ஹோட்டலுக்குப் போய் வந்தேன்" என்றால் சாப்பிட்டு வந்தார் என்றுதான் பொருள். இரவு தங்கியிருந்தால் "லாட்ஜில் ரூம் போட்டேன்" என்பார். தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இலும் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகளே: 55-ஆம் பிரிவு தங்குமிடம், 56-ஆம் பிரிவு உணவும் பானமும் பரிமாறும் சேவை. முதலாவதில் லாட்ஜ், ரிசார்ட் ஆகியவற்றோடு மாணவர் விடுதியும் தொழிலாளர் விடுதியும் சேரும். இரண்டாவதில் நட்சத்திர உணவகம் முதல் மெஸ், டிபன் கடை, தாபா, டீக்கடை, தள்ளுவண்டி வரை எல்லாம் அடக்கம். கல்யாண வீட்டுச் சமையல் கான்ட்ராக்டும், ஓசூர்த் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் சாப்பாடு போடும் கேன்டீன் நிறுவனமும் அதில்தான் வரும். தொழிற்சாலை தானே கேன்டீன் நடத்தினால் அது அந்தத் தொழிற்சாலையின் துணை வேலையாகிவிடும். அதே இட்லியை ஒப்பந்தக்காரர் ஊற்றினால் உணவகத் துறையின் உற்பத்தி கூடிவிடும். சாப்பிடும் தொழிலாளி எந்த ஊருக்கும் பயணம் போகவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசியக் கணக்கில் இந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. நாட்டின் மொத்த மதிப்புக்கூட்டலில் (உற்பத்தியிலிருந்து உள்ளீடுகளின் செலவைக் கழித்தால் நிற்பதில்) இந்தக் கட்டு 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, சுற்றுலாவை அளப்பதற்கென்றே இந்தியாவில் தனியாகத் தயாரிக்கப்படும் சுற்றுலாத் துணைக் கணக்குகளில் மூன்றாவது 2015-16-க்குச் சொன்ன சுற்றுலாவின் பங்கு, மறைமுக விளைவுகளையும் சேர்த்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது என்பது விளங்கும்.

ஒரு துறை எதை உற்பத்தி செய்கிறது என்பதை வைத்தே தேசியக் கணக்கு அதற்குப் பெயரிடுகிறது: நெல் விளைந்தால் வேளாண்மை, நூல் நூற்றால் ஜவுளி. சுற்றுலாவுக்கு இந்த முறை பொருந்தாது. ஒரே கல்லில் வார்த்த இரண்டு தோசைகளில் ஒன்றைப் பக்கத்துத் தெருக்காரரும் மற்றொன்றைச் சென்னையிலிருந்து வந்தவரும் சாப்பிட்டால், இரண்டாவது மட்டுமே சுற்றுலா. தோசையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கல்லாவில் இருப்பவருக்கும் தெரியாது. சாப்பிட்டவரைக் கேட்டால்தான் தெரியும். ஆகவே சுற்றுலாவை விற்பவர் பக்கத்திலிருந்து அளக்க முடியாது, வாங்குபவர் பக்கத்திலிருந்துதான் அளக்க வேண்டும். இதற்காகவே ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சுற்றுலாத் துணைக் கணக்கு என்ற சட்டகத்தை 2000-இல் ஏற்று, 2008-இல் திருத்தியமைத்தது. இந்தியாவில் முதல் கணக்கு 2002-03-க்கும், அடுத்தவை 2009-10, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கும் தயாரிக்கப்பட்டன.

அப்படியானால் சாப்பிட்டவர்களில் யார் பயணி? சர்வதேச வரையறை இதுதான்: தன் வழக்கமான வாழ்க்கைச் சூழலுக்கு வெளியே, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்கு, போகும் ஊரில் உள்ள ஒரு நிறுவனத்திடம் சம்பளத்துக்கு வேலை செய்வதற்காக அல்லாமல் வேறு எந்த நோக்கத்துக்காகச் சென்றாலும் அவர் பயணி. இரவு தங்கினாலும் தங்காமல் அன்றே திரும்பினாலும் கணக்கில் உண்டு. 'சுற்றுலா' என்றதும் நமக்கு அருவியும் மலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் துக்கம் விசாரிக்கப் போனவர், மருத்துவமனைக்குப் போனவர், அலுவலகக் கூட்டத்துக்குப் போனவர் எல்லாரும் இந்த வரையறையில் வருவார்கள். ஆக, 'ஹோட்டல்' என்ற சொல் நமக்குத் தேவைக்கு மேல் விரிகிறது, 'சுற்றுலா' என்ற சொல்லோ தேவைக்குக் கீழே சுருங்குகிறது. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் பிழை நுழைவது இந்த இடைவெளியில்தான்.

நீங்கள் இருக்கும் கிருஷ்ணகிரியைவிட இதற்கு நல்ல பாடம் வேறில்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் சாலை அங்கே பிரிகிறது: சென்னைக்கு ஒன்று, தருமபுரி, சேலம் பக்கம் ஒன்று, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனத்துக்கு ஒன்று. அங்கு நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்குக் காரில் போகும் குடும்பம் பொங்கல் சாப்பிடுகிறது, அவர்கள் பயணிகள். அடுத்த மேசையில் லாரி ஓட்டுநரும் கிளீனரும். தினசரி வேலையே சாலையில் ஓடுவது என்பதால் அவர்களின் வழக்கச் சூழல் அந்தச் சாலைதான், பயணிகளின் கணக்கில் வரமாட்டார்கள். அதற்கடுத்து வாரம் தவறாமல் வந்து போகும் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. அடிக்கடி வருவதாலேயே இந்த ஊர் அவருடைய வழக்கச் சூழலுக்குள் வந்துவிட்டது. ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை என்று அன்றாடம் எல்லை தாண்டுபவர் அத்திப்பள்ளியில் குடிக்கும் காபியும் சுற்றுலா அல்ல. வடமாநிலத்திலிருந்து வந்து ஓசூர்க் கட்டட வேலையில் இருப்பவர் உள்ளூர் மெஸ்ஸில் சாப்பிடுவதும் அல்ல, ஏனெனில் அவர் இங்கே சம்பளத்துக்கு இருக்கிறார். ஆனால் சேலத்திலிருந்து பாலக்கோட்டில் உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் டீ குடிக்கும் பெரியவர் பயணியே. சாலையோரக் கடையில் கூட்டமாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சுற்றுலாவில் எழுதிவிட முடியாது.

இனி கணக்கு. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு விகிதம் தேவை: அந்தச் சேவைக்காக நாட்டுக்குள் பயணிகள் செலவிட்ட மொத்தத் தொகையை, அந்தச் சேவையின் மொத்த உள்நாட்டு வழங்கலால் வகுக்க வேண்டும். மேலே வரும் தொகையில் வெளிநாட்டுப் பயணிகள், உள்நாட்டுப் பயணிகள் இருசாராரும் உண்டு. இந்த விகிதத்தைத் தங்குமிடத்துக்குத் தனியாகவும் உணவுக்குத் தனியாகவும் எடுப்பது கட்டாயம் என்பதே என் கருத்து. சேர்த்து எடுத்தால் விடை எங்கும் நிற்காது.

ஏன் என்பதைக் கற்பனை எண்களால் காட்டுகிறேன். இவை எந்த நாட்டின் புள்ளிவிவரமும் அல்ல. துறையின் உற்பத்தி 100 ரூபாய், அதில் அறை வாடகை 20, சாப்பாடு 80 என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகையில் 17 ரூபாயும் சாப்பாட்டில் 16 ரூபாயும் பயணிகள் கொடுத்தவை. அப்படியானால் தங்குமிட விகிதம் 85 சதவீதம், உணவு விகிதம் 20 சதவீதம், மொத்த உற்பத்தியில் சுற்றுலா 33 சதவீதம். ஆனால் தேசியக் கணக்கில் நமக்கு வேண்டியது உற்பத்தி அல்ல, மதிப்புக்கூட்டல். அதாவது அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், மின்சாரம் போன்ற உள்ளீடுகளைக் கழித்த பிறகு நிற்பது. சமையலில் உள்ளீடு அதிகம், அறை வாடகையில் குறைவு. அறையில் ரூபாய்க்கு 50 காசும் சாப்பாட்டில் ரூபாய்க்கு 35 காசும் மதிப்புக்கூட்டலாக நிற்பதாகக் கொண்டால், அறைகளில் 10, சாப்பாட்டில் 28, ஆக மொத்தம் 38 ரூபாய். இதில் சுற்றுலாவின் பங்கு 8.5-உம் 5.6-உம் சேர்ந்து 14.1 ரூபாய், அதாவது 37 சதவீதம். பயணி ஒருவர்கூடக் கூடாமல், ரூபாய் ஒன்றுகூட மாறாமல், 33 என்பது 37 ஆகிவிட்டது.

இதே எண்களில் ஒருவர் அவசரப்பட்டுப் பயணிகள் செலவிட்ட 33 ரூபாயைத் துறையின் மதிப்புக்கூட்டலான 38 ரூபாயால் வகுத்தால் 87 சதவீதம் வரும். இந்தப் பிழையை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போது அந்த எண் எவ்வளவு கம்பீரமாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். மேலே உள்ளீடுகளோடு கூடிய முழுத் தொகையை வைத்துவிட்டுக் கீழே உள்ளீடு கழித்த தொகையை வைப்பது, மூட்டையோடு ஒருவரை எடைபோட்டு, மூட்டை இல்லாத மற்றொருவரோடு ஒப்பிடுவது போன்றது.

விலையிலும் இப்படியொரு பொருந்தாமை உண்டு. பயணி தன் செலவைச் சொல்லும்போது பில்லில் உள்ள முழுத் தொகையையும் சொல்வார். அதற்குள் ஜிஎஸ்டி இருக்கும், சாதாரண உணவகத்தில் அது 5 சதவீதம். துறையின் உற்பத்தியோ வரி நீங்கலான அடிப்படை விலையில் கணக்கிடப்படுகிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் விலைக்கு மாற்றிக்கொண்ட பிறகே வகுக்க வேண்டும். பேக்கேஜ் டூர் என்றால், அந்த ஒரே தொகையை அறை, சாப்பாடு, வண்டி, ஏஜென்ட் கமிஷன் என்று பிரித்து அந்தந்த இடத்தில் சேர்க்க வேண்டும்.

மாணவர்கள் அடிக்கடி விழும் இன்னொரு குழி, குடும்பங்களின் நுகர்வுச் செலவு அட்டவணை. தேசியக் கணக்கில் தனியார் இறுதி நுகர்வுச் செலவின் கீழும் 'உணவகங்களும் ஹோட்டல்களும்' என்ற வரி ஒன்று இருக்கிறது; பெயர் ஒத்துப்போவதால் அதையே விகிதத்தின் கீழ்த்தொகையாக, அதாவது வகுக்கும் எண்ணாக, வைத்துவிடுகிறார்கள். கம்பெனி வேலையாக வந்து கம்பெனிப் பணத்தில் அறை எடுத்தவரின் செலவு அந்த வரியில் இருக்காது. அது கம்பெனியின் உற்பத்திச் செலவு, அதாவது இடைநிலை நுகர்வு. சுற்றுலாத் துணைக் கணக்கிலோ அந்தச் செலவும் சுற்றுலா நுகர்வுதான். ஓசூர் போன்ற ஊரில், லாட்ஜ் அறைகளை நிரப்புபவர்களில் ஆலைகளுக்கு வேலையாக வரும் பொறியாளர்களும் தணிக்கையாளர்களும் இயந்திரம் பொருத்த வருபவர்களும் கணிசமானவர்கள் என்பதை அந்தப் பக்கம் வசிப்பவர்கள் அறிவார்கள். அவர்களை மேலே எண்ணிக் கீழே விட்டுவிட்டால் விகிதம் ஊதிப்போகும். சில சமயம் 100-ஐயும் தாண்டும். அப்படித் தாண்டினால் எண்ணை வெட்டிச் சரிசெய்யாமல், பிழை எங்கே என்று தேட வேண்டும். சரியான கீழ்த்தொகை துறையின் மொத்த வழங்கல். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார் என்று காட்டும் இந்தியாவின் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணைகள் 140 பொருள்களையும் 66 தொழில்களையும் கொண்டவை. ஆனால் அவற்றிலும் ஹோட்டலும் உணவகமும் ஒரே வரியாகவே வருவதால், அறையையும் சாப்பாட்டையும் பிரிக்க வேறு தரவு தேட வேண்டியிருக்கிறது.

மேல்தொகைக்கு, அதாவது பயணிகளின் செலவுக்கு, முக்கிய ஊற்று தேசிய மாதிரி ஆய்வின் உள்நாட்டுச் சுற்றுலாச் செலவுச் சுற்றுகள்: 65-ஆம் சுற்று 2008-09-இலும், 72-ஆம் சுற்று 2014-15-இலும் நடந்தன. வெளிநாட்டினருக்கு விமான நிலையங்களில் எடுக்கப்படும் சர்வதேசப் பயணிகள் ஆய்வு உதவும். கீழ்த்தொகையில் பெரிய ஹோட்டல் கம்பெனிகளின் பகுதி நிறுவன விவகார அமைச்சகத்துக்குத் தாக்கலாகும் கணக்குகளிலிருந்து கிடைக்கிறது. டீக்கடையும் மெஸ்ஸும் அடங்கிய பதிவற்ற பகுதிக்கு 67-ஆம் சுற்று (2010-11), 73-ஆம் சுற்று (2015-16), பின்னர் ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கிய பதிவற்ற நிறுவன ஆய்வு ஆகியவை அடிப்படை. ஒரு விகிதத்தின் மேலும் கீழும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு கேள்விகளால் திரட்டியவை என்பதை எழுதும்போது மறைக்காதீர்கள்.

72-ஆம் சுற்றில் நம் கேள்விக்கு நேரடியாக உதவும் செய்தி ஒன்று உண்டு. முந்தைய 30 நாள்களில் இரவு தங்கி மேற்கொண்ட பயணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை சமூக நோக்கத்தவை: கல்யாணம், காதுகுத்து, திருவிழா, உறவினரைப் பார்த்தல். இந்தப் பயணிகள் எங்கே படுக்கிறார்கள்? உறவினர் வீட்டு மொட்டை மாடியில், கூடத்தில், மண்டபத்தில். எங்கே சாப்பிடுகிறார்கள்? பந்தியில். ஹோட்டலுக்கு அவர்களிடமிருந்து கிடைப்பது வழியில் குடித்த டீயும், பேருந்து நின்ற இடத்தில் வாங்கிய பொட்டலமும்தான். ஆகவே பயணங்களின் எண்ணிக்கையைச் சராசரி ஹோட்டல் செலவால் பெருக்குவது மிகப் பெரிய பிழை. 2019-இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பயணிகளின் வருகை சுமார் 49 கோடி என்று பதிவாகியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகையே 7.2 கோடிதான். அது வருகைகளின் எண்ணிக்கை; ஒருவரே மூன்று ஊர்களுக்குப் போனால் மூன்று. அந்த 49 கோடியை ஒரு நாள் சாப்பாட்டுச் செலவால் பெருக்கி எழுதப்பட்ட எந்தத் தொகையையும் நான் நம்பமாட்டேன்.

வெளிநாடுகளோடு ஒப்பிட்டு ஒரு நிதானத்துக்கு வரலாம். துணைக் கணக்கைப் பல ஆண்டுகளாகத் தயாரிக்கும் நாடுகளில் பொதுவாகத் தெரியும் வடிவம் இது: தங்குமிடத்தில் பெரும்பகுதி சுற்றுலா, உணவகத்தில் சிறுபகுதியே சுற்றுலா. அமெரிக்காவில் உணவக விகிதம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே வருகிறது. உங்கள் கணக்கில் உணவக விகிதம் பாதிக்கு மேல் வந்தால், நீங்கள் ஆராய்வது ஒரு சின்னத் தீவாக இருந்தாலொழிய, மீண்டும் முதலிலிருந்து பாருங்கள்.

கொரோனா ஆண்டை வைத்துப் பங்கைக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019-இல் 1.09 கோடி, 2020-இல் சுமார் 27 லட்சம். ஆனால் 2020 மார்ச் 25 முதல் உள்ளூர்க்காரரும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பயணியும் உள்ளூர்க்காரரும் ஒரே நாளில் நின்றுபோன ஓராண்டு, இவரில் எவர் எவ்வளவு என்பதைச் சொல்லாது.

அதைவிட நல்ல சோதனை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கர்நாடக அணைகளிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டு, பிலிகுண்டுலுவில் அளவிடும் நீர்வரத்து உயரும்போது, ஒகேனக்கலில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. தடை நீடிக்கும் நாள்களில் அருவிக் கரையில் மீன் வறுக்கும் பெண்களின் அடுப்புகள் அணைந்துவிடுகின்றன. பென்னாகரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் வியாபாரம் ஏறக்குறைய வழக்கம்போல் நடக்கிறது. இங்கே பயணி மட்டும் நின்றுபோகிறார், உள்ளூர்க்காரர் நிற்கவில்லை. தடை நாள்களின் விற்பனையை அதே மாதத்தின் சாதாரண நாள்களோடு ஒப்பிட்டால், கடைக்குக் கடை பயணியின் பங்கு எவ்வளவு என்பதற்கு வாய்மொழிப் பதிலைவிட உறுதியான அளவு கிடைக்கும். ஒரு நுணுக்கம்: ஒகேனக்கலில் பலர் மீனைத் தனியாக வாங்கி, சமைத்துக் கொடுப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறார்கள். கூலி மட்டுமே உணவுச் சேவை. மீனுக்குக் கொடுத்தது மீன்பிடிப்பிலும் வியாபாரத்திலும் சேரும்.

உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். மாவட்ட அளவில் முழுத் துணைக் கணக்கு தயாரிப்பது ஒரு மாணவரால் ஆகாது. ஆனால் நம்பத்தக்க உணவக விகிதம் ஒன்றை எடுக்கலாம். கடைகளை நான்கு வகையாகப் பிரியுங்கள்: நெடுஞ்சாலையோரம், பேருந்து நிலையம் சார்ந்தவை, ஓசூர்த் தொழிற்பேட்டைப் பக்கம், ஒகேனக்கல் போன்ற பயணத் தலம். நெடுஞ்சாலைக் கடைகள் கண்ணுக்கு எளிதில் படுவதால் அவற்றையே அதிகம் எடுத்துவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காமல், ஒவ்வொரு வகையின் மொத்த விற்பனைக்கு ஏற்ப எடையிடுங்கள். கேள்விகள் மூன்று போதும்: எங்கே குடியிருக்கிறீர்கள், இந்த ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறீர்கள், இப்போது எதற்காக வந்தீர்கள். ஆட்களை எண்ணாமல் பில் தொகையை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காரில் வந்த நால்வரின் பில்லும் தனியாள் டீயும் ஒரே எடை அல்ல. ஞாயிறு, சந்தை நாள், முகூர்த்த நாள், சாதாரண வேலை நாள் ஆகிய எல்லாம் மாதிரியில் வர வேண்டும். ஆடி 18 அன்று ஒகேனக்கலில் எடுத்ததை ஆண்டு முழுவதற்கும் விரித்துவிட வேண்டாம்.

முடிவு செய்யக் கடினமான கேள்வி ஒன்று உங்களுக்கு அங்கேயே வரும். பென்னாகரத்திலிருந்து ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஒகேனக்கல் வந்து, மீன் சாப்பாடு சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்பும் குடும்பம் பயணியா? தொலைவைப் பார்த்தால் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வருவதைப் பார்த்தால் ஆம். வழக்கச் சூழலின் எல்லையைத் தொலைவாலா, வருகையின் இடைவெளியாலா, தாலுகாவின் எல்லையாலா வரைவது என்பதைச் சர்வதேசப் பரிந்துரை அந்தந்த நாட்டின் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இடைவெளியை முதலாகவும் தொலைவை இரண்டாவதாகவும் வைத்து அந்தக் குடும்பத்தைப் பயணியாகவே எழுதுவேன். பிறகு அவர்களை நீக்கி இன்னொரு முறை கணக்கிட்டு, இரண்டு விகிதங்களையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துப் போடுவேன்.